அம்மா–மகள் டார்க் காமெடி: சிரிப்பு வராததற்குக் காரணம் படமா, டப்பிங்கா?

நாலாம்வரிசை:

க்ளைமாக்ஸ் வரைக்கும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இப்போதே ஒதுங்கிக்கொள்ளலாம். படத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். போட்டால் பத்தாவது பதிலுக்குள் இழை இரண்டு நடிகைகளின் ரசிகர் சண்டையாகிவிடும். பார்த்தவர்களுக்கு "ஃப்ரீசர் படம்" என்றாலே போதும்.

பார்க்காமலே படிப்பேன் என்பவர்களுக்குக் கதை: 60 தாண்டிய அம்மா, 35 வயது மகள், அம்மாவின் இரண்டாவது கணவர், மூவரும் ஒரே வீட்டில். கணவருக்கு வரும் ஓய்வூதியத்தில்தான் வண்டி ஓடுகிறது. 38-வது நிமிடத்தில் அவர் மாடிப்படியில் உருண்டு செத்துப்போகிறார். பணம் நின்றுவிடக் கூடாதென்று இருவரும் பிணத்தை நிலவறையில் இருக்கும் பெட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஆள் உயிரோடு இருப்பதாக எல்லோரையும் நம்பவைக்கிறார்கள். 61-ல் மின்வெட்டு. 88-ல் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா, தான்தான் தள்ளியதாகச் சொல்கிறார். 104-ல் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், பியானோ வாசிக்கிறது, முடிந்தது.

சுருக்கமாகச் சொன்னால் நல்ல கதை. நடிப்பிலும் யாரும் சோடை போகவில்லை. ஆனால் மொத்தமாகச் சிரிப்பு வந்த இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கடைசி அழுகைக்கும் கண் கலங்கவில்லை. நான் பார்த்தது தமிழ் டப்பிங். படத்தில்தான் கோளாறா, டப்பிங் கெடுத்ததா? படத்தில்தான் என்றால் எந்த இடத்தில்? "திரைக்கதை வீக்" என்று ஒரு வரியில் முடிக்காமல், இந்தக் காட்சி, இந்த வரி என்று சொல்லுங்கள்.

ஒலிக்கூடம்:

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மூன்று காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: வசனமே இல்லாத ஒன்று, கிசுகிசுப்பாகப் பேசும் ஒன்று, ஒரே வரியில் எல்லாம் கவிழும் ஒன்று. இந்தப் படத்தில் பிணத்தை நிலவறைக்கு இழுத்துப்போகும் இரண்டரை நிமிடம், போலீஸ்காரர் வாசலில் நிற்கும்போது சமையலறைக்குள் நடக்கும் பேச்சு, 88-வது நிமிடப் பாத்திரம் கழுவும் காட்சி. ஒவ்வொன்றையும் டப்பிங்கில் ஒருமுறை பாருங்கள். பிறகு மூல ஒலியில், சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஒருமுறை. வார்த்தை முழுக்கப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, கதைதான் தெரியுமே. சப்டைட்டிலைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அம்மா வாயைத் திறப்பதற்குள் கீழே இரண்டு வரியில் பஞ்ச் முழுசாக வந்து நின்றுவிடும், அப்புறம் சோதனையே வீண்.

வசனமில்லாத காட்சிக்கு ஏன் முக்கியத்துவம் என்றால், டப்பிங் ஸ்டூடியோவுக்கு வருவது வசனத்தை மட்டும் உருவிய இசை-ஓசைத் தடம். எம் அண்ட் ஈ என்பார்கள். இசை, காலடி, கதவுச் சத்தம் எல்லாம் மூலத்தில் இருந்ததேதான். ஆகவே அந்த இரண்டரை நிமிடம் தமிழில் சப்பென்றிருந்தால் மூலத்திலும் சப்பென்றுதான் இருக்கும், டப்பிங்காரர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஒரு விதிவிலக்கு: மூச்சு. படப்பிடிப்பில் வசன மைக்கில் பதிவான மூச்சிரைப்பு, "ம்", தட்டு லேசாக இடிபடுவது போன்றவை வசனத்தோடு சேர்ந்து உருவப்பட்டுவிடும். ஓசைகளை ஃபோலியில், அதாவது ஸ்டூடியோவில் செயற்கையாக எழுப்பிப் பதிவு செய்து, புதிதாக நிரப்ப வேண்டும், மூச்சைக் குரல் கொடுப்பவர் திரும்பக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுதான்.

இனி 88-வது நிமிடம். மூலத்தில் அம்மா சொல்வது மூன்றே அசை: "ஐ புஷ்ட் ஹிம்." டப்பிங்கில் "நான்தான் அவரைப் படியிலிருந்து தள்ளிவிட்டேன்." எண்ணிப் பாருங்கள், 15 அசை. மூன்று அசைக்கு ஒதுக்கிய நேரத்தில் பதினைந்தை அடைக்க அந்த அம்மா ரயிலைப் பிடிக்கப்போகிறவர் மாதிரி பேசுகிறார். அதைவிட மோசம், தமிழில் வினை கடைசியில் வருகிறது. மூலத்தில் "புஷ்ட்" காதில் விழுந்த கையோடு கட் ஆகி மகள் முகம் வருகிறது, துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கிறது. தமிழில் கை நிற்கும்போது நம் காதில் "படியிலிருந்து"தான் ஓடுகிறது. "தள்ளிவிட்டேன்" வரும்போது அவள் அதிர்ச்சி பழசாகிவிட்டது. ஒரு 14 ஃபிரேம் தாமதம் இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். பேப்பரில் ஒன்றுமில்லை, திரையில் காட்சியே போச்சு.

இத்தனைக்கும் அந்த ஷாட்டில் அம்மா முதுகைக் காட்டி நிற்கிறார். உதடே தெரியாது. ப, ம வரும் இடத்தில் வாய் மூட வேண்டுமே என்ற கவலையே இல்லாத வரி அது. "தள்ளிட்டேன்டி" என்று நாலு அசையில் வைத்திருந்தால் கட் வரும் இடத்தில் வினை விழுந்திருக்கும். யாரை என்று சொல்ல வேண்டாம், அந்த வீட்டில் செத்தது ஒருத்தர்தான். யார் தள்ளியது என்றும் சொல்ல வேண்டாம், "ட்டேன்"லேயே ஆள் இருக்கிறார். தமிழ் வினை இலவசமாகத் தருவதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று, அம்மாவும் மகளும் சண்டை போடும் காட்சிகள். மூலத்தில் ஒருத்தி முடிக்கும் முன்னே இன்னொருத்தி ஆரம்பிக்கிறாள், பாதி வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று. டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தனித் தடத்தில் பேசிவிட்டுப் போவார்கள். மிக்ஸில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினால் புரியாது என்று பிரித்து அடுக்கிவிடுவார்கள். பலன்: பட்டிமன்றம். நீங்கள் பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்.

வெட்டுமேசை:

ஒலிக்கூடம் சொல்வதில் தப்பில்லை. ஆனால் டப்பிங்மேல் போடும் பழி கொஞ்சம் ஜாஸ்தி. 38-வது நிமிட விழுகையைப் பாருங்கள். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஆள் வழுக்குகிறார், கால், கைப்பிடி, முகம், மேலிருந்து ஒரு ஷாட், ஸ்லோமோஷனில் ஒரு செருப்பு, திரும்ப முகம், தரை. ஆறு நொடிக்குள் ஏழு ஷாட். இது ஆக்‌ஷன் படத்து விழுகை. இப்படி வெட்டினால் பார்ப்பவருக்கு வலிக்கும். வலித்தால் சிரிப்பு வராது.

அதே இடத்தைச் சாப்பாட்டு மேசையிலிருந்து அகலமாக ஒரே ஷாட்டில் வைத்தால் போதும். அம்மாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், படி ஃபிரேமுக்கு வெளியே. தடதடவென்று சத்தம், கடைசியாக ஒரு 'தொம்'. இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இங்கே இரண்டு நொடி, முழுசாக 48 ஃபிரேம், ஒன்றும் நடக்கக் கூடாது. இசை கூடாது. பிறகு அம்மா குழம்புக் கிண்ணத்தை மகள் பக்கம் தள்ளுகிறார். 48-ஐ 20 ஆக்கினால் யாரும் கவனிக்கவே இல்லை என்றாகிவிடும், 90 ஆக்கினால் அம்மா கொலைகாரி என்று அப்போதே தெரிந்துவிடும். இதெல்லாம் எடிட் அறையில் ஆட்களை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்து முடிவு செய்கிற எண்கள், வாய்ப்பாடு கிடையாது.

இசை தனிக் குற்றம். பிணம் ஃபிரேமுக்குள் வந்தாலே வயலினை வில் இல்லாமல் விரலால் சுண்டும் அந்த 'டிங் டிங்' பிட்சிகாட்டோ. கூடவே பஸூன் என்ற தடித்த குரல் குழல். "இப்போது சிரிக்கலாம்" என்று அட்டை பிடிக்கிற மாதிரி. இந்த வகைப் படத்தில் பாத்திரங்கள் நிலைமையை உயிர்போகிற சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும், இசையும் அவர்கள் கட்சியில் நிற்க வேண்டும். இசை நம்மைப் பார்த்துக் கண்ணடித்தால் அவர்கள் படும் பாடு பொய் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒலியை மியூட் செய்துவிட்டு நிலவறைக் காட்சியைப் பாருங்கள், கொஞ்சம் தேறும்.

நாலாம்வரிசை:

மூன்று காட்சிகளையும் இரண்டு விதமாகவும் பார்த்தாயிற்று. பாத்திரம் கழுவும் காட்சி மூல ஒலியில் நிஜமாகவே வேறு காட்சி. மகள் சட்டென்று மூச்சை உள்ளிழுப்பது தமிழில் இல்லவே இல்லை. கிசுகிசுப்புக் காட்சியும் மூலத்தில் பரவாயில்லை. தமிழில் இருவரும் போலீஸ்காரருக்குக் கேட்கும்படிதான் பேசுகிறார்கள். ஆனால் நிலவறைக் காட்சி மூலத்திலும் சப். மியூட் செய்தால் கொஞ்சம் மேல், ஆனாலும் இரண்டரை நிமிடம் தாங்கவில்லை.

அப்படியென்றால் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா?

கதைக்கட்டு:

பாதிப் பாதி எல்லாம் இல்லை, அந்த இரண்டரை நிமிடம் எழுத்திலேயே செத்தது. எடிட்டரும் இசையமைப்பாளரும் செத்ததற்கு அலங்காரம் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டார்க் காமெடியில் பிணம் என்பது ஒரு வேலை. கனமான, அவசரமான, யாரிடமும் உதவி கேட்க முடியாத வேலை. அந்த வேலையின் நடைமுறை சரியாக இருந்தால்தான் சிரிப்பு. இந்தப் படம் எல்லா இடத்திலும் நடைமுறையை ஏமாற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஏமாற்றிய ஒவ்வொரு இடத்திலும் உண்மை அதைவிடச் சிரிப்பாக இருந்திருக்கும்.

முதலில் விறைப்பு. செத்து சுமார் 2 முதல் 4 மணி நேரத்தில் கண்ணிமை, தாடை, கழுத்து என்று ஆரம்பித்து, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்க விறைத்துவிடும். அப்புறம் பல மணி நேரம் அப்படியே இருந்துதான் மெல்லத் தளரும். குளிரில் இன்னும் மெதுவாகும். படத்தில் ஆள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் விழுகிறார், விடியற்காலையில் தூக்குகிறார்கள், கைகால் துணி மாதிரி துவள்கிறது, சொன்னபடி மடங்கி ஃப்ரீசருக்குள் போகிறது. அந்த நேரத்தில் அவர் பலகை. விழுந்த வாகில், ஒரு கை மேலே தூக்கியபடி விறைத்திருந்தால் மூடி மூடாது. அந்தக் கை ஒன்றை வைத்தே காட்சி முழுக்க ஓட்டியிருக்கலாம். தளரும் வரை காத்திருக்கலாம் என்கிறாள் மகள், காலையில் வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள் என்கிறார் அம்மா. இப்போது ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது பாருங்கள். படத்தில் கடிகாரமே கிடையாது. அதனால்தான் இரண்டரை நிமிடம் இருபது நிமிடமாகத் தெரிகிறது.

அடுத்து ஃப்ரீசர். நிலவறையில் அது காலியாக இருக்கிறது! மூன்று பேர் உள்ள வீட்டில் பெட்டி ஃப்ரீசர் ஏன் காலியாக, மின்சாரத்தில் சொருகி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்? கதாசிரியருக்குத் தேவைப்பட்டது, அதனால். நிறைந்திருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் மீன், இறைச்சி, பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுத்தால் உருகும். தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராது. ஆகவே பிணத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய சமைக்கிறார்கள், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புகிறார்கள், "என்ன விசேஷம்?" என்று கேள்வி வருகிறது. அதற்குள் மீனை எப்படிச் சமைப்பது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் முப்பது வருஷத்துப் பழைய சண்டை. அம்மா–மகள் கதையும் பிணக் கதையும் ஒரே காட்சிக்குள் வந்துவிடுகின்றன. படத்தில் இரண்டும் சந்திப்பதே இல்லை. ஒரு காட்சி பிணம், அடுத்த காட்சி சோபாவில் உட்கார்ந்து "நீ என்னை எப்போதாவது புரிந்துகொண்டாயா". திரும்பப் பிணம். திரும்ப சோபா. மற்ற குறைகளையெல்லாம் மன்னித்துவிடலாம், இதை முடியாது.

மறுநாள் காலையில் மகள் தட்டிப் பார்க்க, கல் மாதிரி 'டொக்' என்று சத்தம் வருகிறது. வராது. வீட்டு ஃப்ரீசர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு புதுப் பொருளை உறையவைக்கும் என்பது அதன் தகட்டிலேயே கிலோ கணக்கில் போட்டிருக்கும், பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டாது. 70 கிலோவை ஒரேயடியாகப் போட்டால் உறைய நாட்கணக்காகும், அதுவரை கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடும். அந்த ஓயாத உறுமல்தான் படத்துக்குத் தேவைப்பட்ட சத்தம். ஓய்வூதிய ஆய்வாளர் மேலே காபி குடிக்கிறார், கீழே உறுமுகிறது. "அது என்ன சத்தம்?" "அவர்தான்... குறட்டை." ஆள் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது!

61-வது நிமிட மின்வெட்டு இன்னொரு தப்பு. நிரம்பிய ஃப்ரீசரை மூடி திறக்காமல் வைத்திருந்தால் மின்சாரம் இல்லாமலே ஏறக்குறைய 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிரம்பியிருந்தால் 24. நன்றாக உறைந்த 70 கிலோ ஓர் இரவில் உருகாது. இருவரும் மெழுகுவர்த்தியோடு அலறுவது அர்த்தமில்லாத அலறல், ஃப்ரீசர் வைத்திருக்கும் எவருக்கும் அது தெரியும். சரியான ஆபத்து வேறு: உருகிவிட்டதா என்ற பயத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது. "திறக்காதே, குளிர் போகும்" என்று அம்மா, "பார்த்தால்தானே தெரியும்" என்று மகள். அம்மா எதையும் மூடியே வைக்கிறவர், மகள் எதையும் திறந்து பார்க்கிறவள். குணம் வந்துவிட்டது, வசனத்தில் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, ஆள் சாவதற்கு 38 நிமிடம். 104 நிமிடப் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாதாரணக் குடும்பப் படமாக ஓட்டிவிட்டு, திடீரென்று பிணத்தை வைத்துச் சிரி என்றால், பார்ப்பவர் அதற்குள் அந்த மனிதரோடு பழகிவிட்டார். முதல் 12, 15 நிமிடத்துக்குள் ஆள் போயிருக்க வேண்டும். அல்லது அந்த 38 நிமிடத்திலும் சாவைப் பற்றிய சின்னச் சின்னக் குசும்புகளாவது இருந்திருக்க வேண்டும்.

தமிழில் இந்த இடத்துக்குப் பக்கத்தில் வரும் படம் நெல்சன் இயக்கிய கோலமாவு கோகிலா (2018). அதில் அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அதனால் மகள் போதைப்பொருள் கடத்தலுக்குள் போகிறாள். தேவை, தொகை, நோய் மூன்றும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகின்றன. பிறகு அவள் செய்யும் எந்தக் காரியத்துக்கும் படம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஃப்ரீசர் படத்தில் ஓய்வூதியம் எவ்வளவு, அது இல்லாவிட்டால் எத்தனை நாள் தாங்கும், எந்தத் தேதியில் ஆய்வாளர் வருவார் என்று ஒன்றும் சொல்லப்படவில்லை. பணமில்லாத பணப் பிரச்சினை.

கடைசிரீல்:

கதைக்கட்டுவின் ஃப்ரீசர் கணக்கெல்லாம் சரி. ஆனால் கணக்கு தப்பாக இருந்தும் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் படங்கள் இருக்கின்றன, ஆகவே நோய் அது இல்லை. இந்தப் படத்துக்கு அம்மாவைக் கெட்டவராக்க தைரியம் வரவில்லை.

88-ல் "தள்ளினேன்" என்கிறார். அருமை. அடுத்த அரை நிமிடத்துக்குள் என்ன வருகிறது? கணவர் எப்படியெல்லாம் கொடுமைப்படுத்தினார், எந்த வருஷம் கையை முறித்தார் என்று ஒரு பட்டியல். உடனே மகள் அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறாள். தீர்ப்பு வந்தாயிற்று, அம்மா நிரபராதி, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். மீதி 16 நிமிடத்துக்கு என்ன வேலை? அந்த மனிதர் 38 நிமிடம் உயிரோடு இருந்தபோது கொடுமைக்காரர் என்பதற்கு ஒரு தடயம்கூட இல்லை. டிவி ரிமோட்டைக் கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

ரிமோட்டுக்காகவே தள்ளினார் என்று வைத்திருக்க வேண்டும். நான் சீரியஸாகத்தான் சொல்கிறேன். காரணம் சின்னதாக இருந்தால்தான் மகள் பயப்படுவாள். அதே சின்னக் காரணத்துக்காகத் தன்மீதும் அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கிறதே என்று யோசிப்பாள். அடுத்த காட்சியில் மாடியிலிருந்து இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். பியானோவுக்குப் பதில் அதைக் காட்டியிருந்தால் படம் பிழைத்திருக்கும்.

கதைக்கட்டு:

ரிமோட் நல்ல யோசனை. ஆனால் கொடுமைப் பட்டியலை முழுக்கத் தூக்கிவிட்டால் அம்மா வெறும் பைத்தியக்காரி ஆகிவிடும் ஆபத்து உண்டு. பட்டியலைத் தூக்காமல் முன்னால் கொண்டுவரலாம். 10-வது நிமிடத்திலேயே அம்மா இடது கையால் மட்டும் பாத்திரம் தூக்குகிறார் என்று காட்டிவிட்டு, ஏன் என்று யாரும் விளக்காமல் விட்டுவிட வேண்டும். 88-ல் அவர் ரிமோட்டைத்தான் சொல்ல வேண்டும். நாம் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். நிலவறைக் காட்சியிலும் அந்தக் கை உதவாது, பிணத்தின் பாரம் முழுக்க மகள் தலையில். ஒரு கையை வைத்து மூன்று காட்சிகள் தேறும்.

வெட்டுமேசை:

எடுத்த படத்தை வைத்தே இதில் பாதி செய்யலாம், புது ஷூட்டிங் வேண்டாம். "தள்ளினேன்" முடிந்ததும் மகள் முகம், குழாய்த் தண்ணீர்ச் சத்தம், கட். பட்டியல் முழுக்கப் போய்விடும், நிமிடத்துக்கு மேல் மிச்சம். கட்டிப்பிடிக்கும் காட்சியிலிருந்து பியானோவை எடுத்துவிட்டு ஃப்ரீசரின் உறுமலைக் கீழே போடுங்கள். கட்டிப்பிடிப்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

நாலாம்வரிசை:

உறுமலோடு கட்டிப்பிடிப்பதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஒலிக்கூடத்துக்கு ஒரு கேள்வி: சமையலறைக் கிசுகிசுப்பு மூலத்தில் பரவாயில்லை, தமிழில் படுத்துவிட்டது. அது குரல் மட்டத்தாலா, வசனத்தாலா?

ஒலிக்கூடம்:

இரண்டும். குரலை முதலில் முடித்துவிடுகிறேன். நிஜக் கிசுகிசுப்பில் குரல்நாண் அதிராது, வெறும் காற்று. டப்பிங் மைக்கில் அது நன்றாகவே பதிவாகும், ஆனால் பின்னால் ஓடும் இசைக்கு அடியில் போய்விடும் என்று பயந்து, குரலோடு சேர்த்து அடக்கிப் பேசச் சொல்வார்கள். அது ரகசியம் சொல்வது மாதிரி இருக்காது, தொண்டை கட்டிய மாதிரி இருக்கும். நெருக்கமாகப் பதிவு செய்த குரலில் அறையின் எதிரொலியும் இருக்காது. ஓடு பதித்த சமையலறையில் நிற்கிறவர்கள் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்பது அதனால்தான். மிக்ஸில் அந்த அறைக்கு ஏற்ற ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி, கொஞ்சம் சேர்த்தால் சரியாகும்.

வசனம்தான் பெரிய பிரச்சினை. டப்பிங்கில் இருப்பது இது:

மகள்: அம்மா, தயவுசெய்து அமைதியாக இருங்கள். அவர் நம்மைக் கேட்டுவிடுவார்.
அம்மா: நான் அமைதியாகத்தான் இருக்கிறேன். நீதான் சத்தமாகப் பேசுகிறாய்.
மகள்: கடவுளே, நீங்கள் என்னைப் பைத்தியமாக்குகிறீர்கள்.

"அவர் நம்மைக் கேட்டுவிடுவார்" என்றால் என்ன? நம்மிடம் கேள்வி கேட்பார் என்றா? காதில் விழுந்துவிடும் என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். கேட்டவுடன் பார்ப்பவர் அரை நொடி கதையிலிருந்து வெளியே போய் ஆங்கில வரியைத் தேடிவிட்டுத் திரும்பி வருகிறார். அதற்குள் அடுத்த வரி போய்விட்டது.

அடுத்து "நீங்கள்". பொதுவில் தவறில்லை, அம்மாவை நீங்கள் என்று அழைக்கும் வீடுகள் எத்தனையோ. ஆனால் இந்த மகள் முதல் காட்சியில் "நீ", நிலவறையில் "நீ", இங்கே மட்டும் "நீங்கள்". கோபத்தில் மரியாதைக்கு மாறுவது தமிழில் பெரிய ஆயுதம், அப்படி நினைத்துச் செய்திருந்தால் கைதட்டலாம். இங்கே அது காட்சிக்குக் காட்சி வேறு ஆள் எழுதியது மாதிரிதான் தெரிகிறது.

இப்படி வைத்துப் பாருங்கள்:

மகள்: மெதுவாம்மா. காதுல விழும்.
அம்மா: நான் மெதுவாத்தான்டி பேசறேன். உனக்குத்தான் மைக்கை முழுங்கின தொண்டை.
மகள்: இப்ப இது ரொம்ப முக்கியம்!
அம்மா: சின்ன வயசுலேயே சொன்னேன், கேட்டியா?

பொருள் மாறவில்லை, நீளமும் ஏறக்குறைய அதேதான். பிணத்தைக் கீழே வைத்துக்கொண்டு தொண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள், கதைக்கட்டு கேட்டது இங்கே வசனத்திலேயே நடந்துவிடுகிறது. இரண்டாவது வரியில் "மைக்" வரும் இடத்தில் அம்மா முகம் அருகாமையில் இருக்கிறது, உதடு மூட வேண்டும், "மை"யில் மூடுகிறது.

கடைசியாக ஒன்று. அம்மா படம் முழுக்கக் கணவரை "அவர்" என்கிறார். அந்த வாக்குமூல வரியில் முதல்முறையாக "தள்ளிட்டேன்டி, அந்தாளை" என்று விழுந்தால்? ஆங்கில "ஹிம்"மில் இந்த இறக்கம் கிடையாது, நமக்கு இருக்கிறது. வினை முன்னால் வந்து, ஷாட் கட் ஆகும் இடத்துக்கும் சரியாக உட்காரும், "அந்தாளை" மகள் முகத்தின்மேல் விழும்.

வெட்டுமேசை:

"அந்தாளை" வேண்டும் என்றால் மகள் முகத்தின்மேல் இருக்கும் ஷாட் தாங்குமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கை நின்றதிலிருந்து அவள் இமைக்கும் வரை ஒரு நொடி ஒன்றரை நொடிதான் இருக்கிறது. அதில் மூன்று அசை போகும், ஆனால் அவள் மூச்சிழுப்பை விடாமல் அதற்குப் பிறகு வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எதுவும் கேட்காது.